காத்திருக்க வைக்கும் இசை

ராபர்ட் ஃப்ரிப் கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டுகிறார். மறுபடியும் அதையே. மறுபடியும் அதையே. அடியில் ஜான் வெட்டனின் பேஸ் கிட்டார் 13 எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றில் சுற்றிச் சுற்றி வருகிறது. பில் புரூஃபோர்டு டிரம்ஸை முழுசாகத் தொடுவதே இல்லை. ஒரு மரக்கட்டைத் தட்டல், ஒரு சிம்பல் உரசல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து கிட்டார் ஒரு படி மேலே ஏறுகிறது. அங்கேயும் அதே பிடிவாதம். அப்புறம் இன்னொரு படி. பேஸ் முரட்டுத்தனமாகிறது, டிரம்ஸ் நெருங்கி வருகிறது. நான்கு நிமிடத்துக்கும் மேல் இப்படி இழுத்துக்கொண்டே போய், இனித் தாங்காது என்று நாம் நினைக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றாக வெடித்து இரட்டை வேகத்தில் ஓடத் தொடங்குகிறது. சாக்ஸபோன் அலறுகிறது. அதன்பிறகு, பாட்டின் தொடக்கத்தில் அத்தனை சோகமாகக் கேட்ட அதே மெட்டு பெரிதாக விரிந்து திரும்ப வருகிறது.

'கிங் கிரிம்ஸன்' குழு 1974-ல் வெளியிட்ட 'ரெட்' இசைத்தட்டின் கடைசிப் பாட்டான 'ஸ்டார்லெஸ்' இது. பன்னிரண்டு நிமிடம் சொச்சம். புரோகிரெசிவ் ராக் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இந்தப் பாட்டு பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். வெட்டன் இதை முந்தைய இசைத்தட்டுக்காகவே எழுதிக்கொண்டு வந்தார். ஃப்ரிப்புக்கும் புரூஃபோர்டுக்கும் பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார்கள். பிறகு அதையே மறுபடி எடுத்து, வரிகளை மாற்றி, நடுவில் அந்த நீண்ட வாத்தியப் பகுதியைச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியைத் தாங்கி நிற்கும் பேஸ் மெட்டைக் கொடுத்தவர் டிரம்ஸ் வாசிக்கும் புரூஃபோர்டு. வேண்டாம் என்று தள்ளிய பாட்டுக்கு முதுகெலும்பை அவரே கொண்டுவந்து வைத்தார். குழுவாக இசை செய்வதன் அழகு இதில் இருக்கிறது.

புரோகிரெசிவ் ராக் ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் வாசிப்புத் திறமையைச் சொல்வார்கள். ஏழு, ஒன்பது, பதின்மூன்று என்று போகும் தாளக் கணக்குகளைச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னை இந்தக் குழுக்களிடம் கட்டிப்போட்டது வேறு. இவர்கள் நம்மைக் காத்திருக்க வைக்கிறார்கள். ஒரு மெட்டைக் காட்டிவிட்டு ஒளித்துவைக்கிறார்கள். பத்து, இருபது நிமிடம் எங்கெங்கோ அழைத்துப்போய், நாம் அதை மறந்தேவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ராகம் தானம் பல்லவியில் எல்லாக் கணக்கும் முடிந்து பாடகர் எடுப்புக்கு வந்து சேரும்போது சபை நிமிர்ந்து உட்காருமே, அந்தச் சுகம்தான் இதிலும். கேட்பவர் பொறுமையாக இருப்பார் என்று நம்பி ஒருவர் இசையமைப்பது நமக்குச் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன்.

'ஜெனிஸிஸ்' குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' இதற்கு இன்னொரு நல்ல சாட்சி. 1972-ல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' இசைத்தட்டில் இருக்கிறது. ஏழு பகுதிகள், கிட்டத்தட்ட 23 நிமிடம். தொடக்கத்தில் பன்னிரண்டு தந்திக் கிட்டார்கள் மூன்று பின்னிப் பிணைந்து வர, பீட்டர் கேப்ரியல் ஒரு வீட்டுக்குள் நடக்கும் காட்சியை அடங்கிய குரலில் பாடுகிறார். அதிலிருந்து போர்க்களம், பித்துக்குளித்தனம், உலக முடிவு என்று பாட்டு எங்கெல்லாமோ போகிறது. கடைசிக்கு முந்தைய பகுதியில் பேஸும் டிரம்ஸும் 9 எண்ணிக்கையில் அசையாமல் நிற்கின்றன. டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் தன் கணக்கில் மேலே ஓடுகிறது. இரண்டும் எங்கே சேரும் என்று மனம் தவிக்கிறது. ஃபில் காலின்ஸைப் பின்னாளைய காதல் பாட்டுகளால் மட்டுமே அறிந்தவர்கள் இந்த இடத்தில் அவர் டிரம்ஸ் வாசிப்பதை ஒருமுறையாவது கேட்க வேண்டும். அந்தத் தவிப்பின் உச்சியில், இருபது நிமிடத்துக்கு முன் கேட்ட பாட்டு திரும்ப வருகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த இசையின் நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது மெலோட்ரான் என்ற வாத்தியத்தை விட முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்த விசைப்பலகை அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. அதில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு நொடி. அதற்குமேல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் சத்தம் வராது. விரலை எடுத்தால்தான் நாடா பழைய இடத்துக்கு ஓடிப் போகும். நாடா லேசாகத் தடுமாறுவதால் சுருதியும் லேசாக நடுங்கும். 'ஸ்டார்லெஸ்' தொடக்கத்தில் வயலின் கூட்டம் மாதிரி கேட்பது இதுதான். நிஜ வயலின்கள் இந்த அளவுக்கு என்னைக் கலங்க வைத்திருக்குமா என்பது சந்தேகமே. 1969-ல் வந்த கிங் கிரிம்ஸனின் முதல் இசைத்தட்டு அத்தனை பேரையும் உலுக்கியதில் இந்த நடுங்கும் வாத்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவை நான் அதிகம் கேட்பதில்லை. கீத் எமர்சனின் விரல்வேகம் மலைக்க வைக்கும். ஆனால் எனக்கு அதில் காத்திருக்கும் சுகம் கிடைக்கவில்லை. அதைவிட 'வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர்' பக்கம் போவேன். இந்தக் குழுவில் கிட்டாருக்கென்று தனி ஆள் கிடையாது. ஹியூ பான்டன் கையால் ஆர்கனும் காலால் பேஸும் வாசிக்கிறார். டேவிட் ஜாக்ஸன் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் ஊதுகிறார். நடுவில் பீட்டர் ஹாமில் என்ற பாடகர் கிசுகிசுப்பிலிருந்து கதறல் வரைக்கும் போய் வருகிறார். 1971-ல் வந்த 'பான் ஹார்ட்ஸ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் தனிமையைப் பற்றிய ஒரே பாட்டு. இங்கிலாந்து பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்த இசைத்தட்டு இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது.

பங்க் இசை வந்து இவர்களையெல்லாம் ஒழித்துக்கட்டியது என்று ஒரு கதை உண்டு. பங்க் குழுவான 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' பாடகர் ஜானி ராட்டன், புரோகிரெசிவ் குழுவான பிங்க் ஃப்ளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அவரே 1977-ல் லண்டனின் கேப்பிட்டல் வானொலியில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட வந்தபோது பீட்டர் ஹாமில் பாட்டையும் போட்டார். நல்ல காது எந்த முகாமில் இருந்தாலும் நல்ல காதுதான்.

இருபது நிமிடம் ஒதுக்க முடியாது என்பவர்களுக்கு 'ஜென்டில் ஜயன்ட்' இருக்கிறது. ஷுல்மன் சகோதரர்கள் தொடங்கிய குழு. இவர்கள் பாட்டுகள் பெரும்பாலும் ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள்ளேயே மற்றவர்கள் ஒரு பக்கம் முழுக்கச் செய்வதைச் செய்துவிடுவார்கள். 1975-ல் வந்த 'ஃப்ரீ ஹேண்ட்' இசைத்தட்டில் 'ஆன் ரிஃப்ளக்‌ஷன்' என்று ஒரு பாட்டு. ஒரு குரல் தொடங்கும், அது முடியும் முன் இரண்டாவது குரல் வேறு இடத்தில் நுழையும், பிறகு மூன்றாவது, நான்காவது. தேவாலயத்துப் பழைய ஃபியூக் வடிவத்தை ராக் குழு ஒன்று வாயாலேயே கட்டி எழுப்புகிறது. மேடையில் இதே பாட்டைப் புல்லாங்குழல், செல்லோ, வயலின், வைப்ரஃபோன் என்று வாத்தியங்களால் மெதுவாகத் தொடங்கி, பிறகுதான் குரல்களுக்கு வருவார்கள். 1976 ஐரோப்பியக் கச்சேரிகளில் பதிவான 'பிளேயிங் தி ஃபூல்' இசைத்தட்டில் அந்த வடிவம் இருக்கிறது. முதலில் ஸ்டுடியோ பதிவைக் கேளுங்கள். அடுத்த நாள் மேடைப் பதிவைக் கேளுங்கள். குரல்கள் எப்போது நுழையும் என்று நீங்களே காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள்.