அறுப்பைக் கேட்கிறோம், தீவனத்தை யார் கேட்பது?

கோழி வாங்கச் செல்லும் நம் குடும்பத்தார் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஹலாலாக அறுத்ததுதானா?” அக்கேள்வி கடமையானது, அதை ஒருபோதும் கைவிடலாகாது. ஆனால் அதோடு நம் விசாரணை முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தை நாம் மறுக்கிறோம். திருக்குர்ஆன், அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில், ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’ என்பதையும் இணைத்தே கூறுகிறது. கத்தி கழுத்தைத் தொடுவதற்கு முந்தைய ஐந்தாறு வாரங்கள் அப்பறவை எதைத் தின்றது, எப்படி வாழ்ந்தது என்பதும் கேட்கத்தக்கதே.

பண்ணைக் கோழிகளை வாட்டும் நோய்களுள் ஒன்று இரத்தக் கழிச்சல். ‘ஐமேரியா’ என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடலின் உட்சுவரைச் சிதைப்பதால் இது உண்டாகிறது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டைகள், ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அதைக் கொத்தித் தின்னும் அடுத்த கோழியும் நோயுறுகிறது. நெருக்கமும் ஈரமுமே இந்நோயின் விளைநிலம் என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

இதைத் தடுக்கத் தீவனத்திலேயே மருந்து கலப்பது உலகெங்கும் வழக்கம். மொனென்சின், சாலினோமைசின், நராசின் முதலியவை ‘அயனோஃபோர்’ வகையைச் சேர்ந்தவை. நிகார்பசின் போன்றவை வேதிப் பொருட்கள். அயனோஃபோர்கள் மனித மருத்துவத்தில் பயன்படுவதில்லை. ஆகவே, ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை 2006 ஜனவரி முதல் தடைசெய்தபோதும், இந்நோய்த் தடுப்புக்காக இவற்றை அனுமதித்தே வந்துள்ளது.

எனவே, “மருந்து கலந்த தீவனம் என்றாலே விஷம், பண்ணைக் கோழியே கூடாது” என்று கைப்பேசிகளில் பரப்புவோரோடு நாம் உடன்படவில்லை. ஆதாரமின்றி ஒன்றை ஹராமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. நோயுற்ற பறவையை மருந்தின்றி இரத்தம் கழித்துச் சாகவிடுவது பேணுதலும் அன்று. அது வாயில்லா உயிருக்கு இழைக்கும் அநீதி.

ஆனால் நம் கடுமையான மறுப்பு மற்றோர் சாராருக்கு உரியது. “மருந்துதான் இருக்கிறதே” என்ற துணிவில் ஒரு கொட்டகையில் அளவுக்கு மீறிக் குஞ்சுகளைத் திணிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சீர்செய்வதில்லை. நனைந்த கூளத்தை மாற்றுவதுமில்லை. நோயின் காரணத்தைத் தாமே வளர்த்துவிட்டு, அதன் விளைவை மட்டும் மருந்தால் மறைக்கிறார்கள். ஒரே மருந்தை இடைவிடாது கொடுத்தால் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிடுகிறது. பின்னர் மருந்தும் பயனற்றுப் போகிறது.

மருந்தின் மீதான கண்மூடித்தனமான நம்பிக்கை எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்காவின் ரோக்ஸார்சோன் ஒரு சான்று. ஆர்செனிக் அடங்கிய இம்மருந்து 1944இல் அங்கே அனுமதி பெற்றது. இது கொடுக்கப்பட்ட கோழிகளின் ஈரலில் நச்சு வடிவிலான ஆர்செனிக் கூடுதலாக இருப்பது 2011இல் வெளிப்பட்டு, விற்பனை நின்றது. 2013இல் அனுமதியும் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மக்கள் அதைக் கேள்வியின்றி உண்டனர்.

“வேறு வழி இல்லை” என்பதும் உண்மையன்று. வீரியம் அளந்த உயிருள்ள ஒட்டுண்ணி முட்டைகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து எதிர்ப்பாற்றலை வளர்க்கும் தடுப்பூசி அமெரிக்காவில் 1952 முதலே விற்பனைக்கு வந்தது. நார்வே நாட்டின் கோழித் தொழில் 2016க்குள் நராசினைக் கைவிட்டது. அங்கே கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லை. பூண்டு, மஞ்சள், வேம்பு ஆகியவற்றிலும் சில ஆய்வுகள் பயன் கண்டுள்ளன. எனினும் முடிவுகள் ஒரே சீராக இல்லாததால், அவற்றை மட்டுமே நம்புமாறு நாம் கூறமாட்டோம். கூளத்தைக் கிளறி உலர வைத்தலும், போதிய இடமும், நல்ல காற்றோட்டமும் எல்லா வழிக்கும் அடிப்படை.

ஃபிக்ஹு நூல்களில் ‘ஜல்லாலா’ என்றொரு பாடம் உண்டு. அசுத்தத்தையே பெரிதும் தின்று வளர்ந்த பிராணியை அடைத்து வைத்து, தூய தீனி கொடுத்து, அதன்பின்பே உண்ண வேண்டும். கோழியாயின் மூன்று நாட்கள் என இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம் அறிவிக்கப்படுகிறது. மருந்து நஜீஸ் அன்று. ஆகவே அச்சட்டம் அப்படியே பொருந்தும் என்பது நம் வாதமன்று. தின்றது உடலை விட்டு நீங்கும்வரை காத்திருத்தல் என்னும் அதன் நோக்கத்தையே சுட்டுகிறோம். மருந்தை நிறுத்திய பின் இத்தனை நாட்கள் கழித்தே விற்க வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதும் அதே நோக்கத்தில்தான்.

அந்நாட்களைக் கடைப்பிடிக்காமல் கோழியை வண்டியேற்றுபவர் வாங்குவோரின் அமானிதத்தை மீறுகிறார். அறுக்கும்போது கூறும் பிஸ்மில்லாஹ் அந்த மோசடியைச் சீர்செய்யாது. வீட்டுப் புறத்தில் கோழி வளர்க்கும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். டோல்ட்ராசுரில் கொடுத்த கோழியின் முட்டையை மனிதர் உண்பதை ஐரோப்பா அனுமதிப்பதில்லை. கால்நடை மருத்துவரைக் கேளாமல் மருந்து கொடுத்துவிட்டு, மறுநாளே முட்டையை அண்டை வீட்டாருக்கு விற்கலாமா?

வலீமாவுக்கு நூறு கிலோ வாங்கும் ஜமாஅத்தார் பண்ணைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: என்ன மருந்து கலந்தீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள்? கூளம் உலர்ந்திருக்கிறதா? வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் விடையோடு வருவார்கள். ஹலாலையும் தய்யிபையும் சேர்த்தே தேடும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.