மூச்சு எங்கே போயிற்று?

சேரங்கோட்டில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் கீழ் பேசுவதே கஷ்டம். அங்கே ஒரு பிள்ளையாண்டான் பாட்டுப் பதிவு செய்கிறான் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? சுவர் முழுவதும் கம்பளி; மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். அவ்வளவுதான் ஸ்டுடியோ! சிரிக்காதீர்கள். 1992-ல் 'ரோஜா' பாட்டுக்கள் பிறந்ததும் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு சேர்த்து அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஸ்டுடியோவில்தான்.

பாடியவர் அவனுடைய அப்பாயி. 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பாடியது தாலாட்டு. வயதாகிவிட்டதல்லவா? ஒவ்வோர் அடியும் கணீரென்று தொடங்கி, கடைசிச் சொல்லில் தேய்ந்துபோகிறது. மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினாலோ, தொடக்கம் காதைப் பிளக்கிறது!

இங்கேதான் 'ஆட்டோமேஷன்' வருகிறது. பால் பொங்கினால் அடுப்பைத் தணிக்கிறோம், அடங்கினால் தூண்டுகிறோம். அந்தக் கைப்பக்குவத்தை அடுப்பே நினைவில் வைத்துக்கொண்டு நாளைக்கும் அப்படியே செய்தால் எப்படி இருக்கும்? முன்பெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களில், பாட்டைக் கலந்து முடிக்கிற சமயம், இரண்டு மூன்று பேர் நெருக்கியடித்து நின்று ஆளுக்கொரு விசையைத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு கை தவறினால் மறுபடி முதலிலிருந்து! தாமே நகரும் விசைகள் 1970-களில் வந்தன. இன்று திரையில் ஒரு கோடு, அவ்வளவே. மேலே இழுத்தால் சத்தம் ஏறும். கீழே இழுத்தால் இறங்கும்.

பையன் கெட்டிக்காரன். தேய்கிற சொல்லை மட்டும் மெல்ல உயர்த்தினான். அதற்கு மட்டும் கொஞ்சம் எதிரொலி சேர்த்தான், எதிர்மலை ஏற்றுப் பாடுவதுபோல. மழையைத் தனியே பதிந்து, பாட்டி பாடுகையில் அடக்கி, நிறுத்துகையில் எழுப்பினான். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது! மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் கோட்டை அடிவரை இறக்கிவிட்டான். சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

அப்பாயிக்குப் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. நா மூச்சு வாங்குனத எங்க வச்சே? மடியில கெடக்குற புள்ளைக்குப் பாட்டா தெரியும்? அந்த மூச்சுதானேடா தெரியும்!"

பையன் பதில் பேசவில்லை. அன்றிரவு, போன கரண்ட் திரும்பியதும் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சாக மேலே இழுத்தான். எண்ணிப் பார்த்தேன், 22 இருந்தன. மூன்றாவது அடியில் ஒன்று சற்றுத் தூக்கலாகவே இருக்கிறதே என்றேன்.

"இருக்கட்டுங்கக்கா" என்றான்.