ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கினால்

நல்ல டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை காற்று தானாகக் குறையும். அது நான்கு டயர்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் குறையும். ஒரு டயருக்கு மட்டும் வாராவாரம் காற்று அடிக்க வேண்டியிருந்தால், அதில் எங்கோ கசிவு இருக்கிறது.

பெட்ரோல் பங்கில் காற்றை நிரப்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவது பலரின் வழக்கம். நகருக்குள் அது கவலை தராது. நெடுஞ்சாலையில் அப்படியல்ல. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவுதான் சூடாக மாறுகிறது. ஆளும் சுமையும் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகும்போது அந்தச் சூட்டில் டயரின் அடுக்குகள் பிரிந்து வெடிக்கலாம். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறான, ஆபத்தான யோசனை.

பஞ்சர் கடையில் முதலில் ஆணியைத்தான் தேடுவார்கள். டியூப்லெஸ் டயரில் குத்திய ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். கடைக்குப் போகும்வரை பிடுங்காதீர்கள். ஆணி இல்லையென்றால் "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடக் கூடாது. வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பின் தளர்ந்திருக்கலாம், ரப்பர் காம்பு வெடித்திருக்கலாம். இரண்டும் சில்லறைச் செலவு. அடுத்தது, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. கடலோர ஊர்களில் துருவாலும், பள்ளத்தில் இறங்கிய வண்டிகளில் ரிம் நெளிவதாலும் அங்கே கசியும். இருபுறமும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து செருகும் திரி அவசரத்துக்கு உதவும். டயரைக் கழற்றி உட்புறம் ஒட்டுவதே முறையான வேலை. குறைந்த காற்றில் ஓடி உட்சுவர் தேய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். அப்படித் தேய்ந்த டயரையும் பக்கச்சுவரில் ஓட்டை விழுந்ததையும் ஒட்டிப் பயனில்லை, மாற்றியாக வேண்டும்.

ஒட்டிய பிறகும் இரண்டு நாள் கழித்து, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே உங்கள் வண்டிக்கு உரியது. டயரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச வரம்பு. கூடவே ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள்.