ஓசியில கொடுத்துட்டு விலையை ஏத்தலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நந்தன் கிரவுண்டில் பசங்க ஃபுட்பால் ஆடும் சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்டின் டவுனில் ஞாயிறு என்றால் அப்படித்தான். நான் ரெண்டாவது காபியோடு பேப்பரில் உட்கார்ந்திருந்தேன். பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஒரு சந்தேகம். கேமோட விலையை ஏத்தினா ஜனங்க திட்டுவாங்களா?"

முன்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. என் பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். பக்கத்துத் தெரு நண்பனோடு சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்து, ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வைத்திருக்கிறான். மழை பெய்யும் பெங்களூரில் ஆட்டோ ஓட்டி சவாரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் கேம். கடையில் பொருளை வைக்க 100 டாலர் கட்டணம். அதைக் கொடுத்தது நான். ஆயிரம் டாலருக்கு விற்றால் அந்த 100 திரும்பி வருமாம். இதுவரை விற்றது நூறு பிரதிக்கும் கீழே. ஆகவே என் கணக்கில் அது இன்னும் வாராக்கடன்தான்.

வெளியிட்டபோது கேமில் மூன்று தெரு இருந்தது. விலை 3 டாலர், நம்ம ஊரில் 129 ரூபாய். ஒரு வருஷத்தில் ஒன்பது தெருவாகிவிட்டது. ராத்திரி ஓட்டம், தமிழ், கன்னடம் எல்லாம் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கினவர்களுக்கு அத்தனையும் இலவசம். இப்போது 5 டாலர் ஆக்கலாமா என்று யோசனை.

நான் யோசிக்காமல் சொன்ன பதில்: "இலவசம்னு சொல்லிக் கொடுத்துட்டு அப்புறம் விலையை ஏத்தினா அது இலவசமாடா? அதுவும் இது செஞ்சு முடிச்ச சரக்கு. இன்னொரு காப்பி விக்க உனக்கு என்ன செலவு?"

பி.காம் படித்தவன் பேசும் பேச்சு. மார்ஜினல் காஸ்டிங் படித்திருக்கிறேன் இல்லையா! பையன் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வீட்டம்மா சமையலறையிலிருந்தே, "ஏங்க, அவன் உங்ககிட்ட கேட்டதே பெரிசு. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

யோசித்தேன். ரெண்டு ராத்திரி படித்தும் பார்த்தேன். இந்தக் கேள்வியை என் பையனுக்கு முன்னாலேயே நிறையப் பேர் சந்தித்திருக்கிறார்கள்.

முதல் ஆள், உங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த மைன்கிராஃப்ட். முடிக்காத நிலையிலேயே விற்பனைக்கு வந்த கேம் அது. ஆல்ஃபா நிலையில் 9.95 யூரோ. 2010 டிசம்பரில் பீட்டாவுக்கு வந்ததும் 14.95 யூரோ. 2011 நவம்பரில் முழுதாக வெளிவந்தபோது 19.95 யூரோ. கேம் வளர வளர விலையும் படிப்படியாக ஏறியது. சீக்கிரம் வாங்கினவர் குறைந்த விலைக்கு முழுசையும் பெற்றார்.

ரெண்டாவது, பிராக் நகரத்தில் இருக்கும் வூப் என்ற சிறிய கம்பெனியின் ஃபேக்டோரியோ. வேற்றுக் கிரகத்தில் ஒரு தொழிற்சாலையை நட்டு போல்ட்டிலிருந்து கட்டி எழுப்பும் கேம். 2016 பிப்ரவரியில் 20 டாலருக்கு ஸ்டீமில் வந்தது, அதுவும் முடியாத நிலையில்தான். அடுத்த ரெண்டு வருஷத்தில் அணு மின்நிலையம், பீரங்கி ரயில் என்று என்னென்னவோ சேர்த்தார்கள். 2018 ஏப்ரலில் விலை 30 டாலர். பழையவர்களிடம் ஒரு சென்ட்கூட கூடுதலாகக் கேட்கவில்லை.

மூன்றாவது, வேம்பயர் சர்வைவர்ஸ். இத்தாலியிலிருந்து பிரிட்டனுக்குப் போய்க் குடியேறிய லூகா கலான்டே செய்தது. (அவரும் நம்மை மாதிரி ஊரை விட்டு வந்த ஆள்தான்.) 2021 டிசம்பரில் 2.99 டாலருக்கு வந்தது. வாராவாரம் ஏதாவது சேர்ந்துகொண்டே போய், 2022 அக்டோபரில் முழுதாக வெளிவந்தபோது 4.99 டாலர். அடுத்த வருஷம் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. விலையை ஏற்றியதால் அது படுத்துவிடவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கிளையில் தினமும் பார்க்கும் வீட்டுக்கடன் ஃபைல்கள். பெங்களூரில் கட்டி முடிக்காத அபார்ட்மெண்டை புக் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர்! ஏன் முன்னாடியே பணம் கட்டுகிறார்கள்? விலை குறைவு. ஏன் குறைவு? கட்டி முடிப்பார்களா இல்லையா என்ற பயத்தை வாங்குகிறவர் சுமக்கிறார். அந்தச் சுமைக்குத்தான் தள்ளுபடி. சாவி கொடுக்கிற நிலைக்கு வந்த பிறகு அதே வீட்டை அதே விலைக்குக் கேட்டால் யாராவது கொடுப்பார்களா? நாமும் கேட்க மாட்டோம்.

என் பையனிடம் முதல் மாதம் 129 ரூபாய் கொடுத்தவர் மூன்று தெருவைத்தான் வாங்கினார். மீதி ஆறு தெரு வருமா, இல்லை பரீட்சை வந்ததும் பையன் இதைப் போட்டுவிட்டு ஓடிவிடுவானா என்று அவருக்குத் தெரியாது. நம்பிக் கொடுத்தார். இன்றைக்கு வாங்குகிறவர் ஒன்பது தெருவையும் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குகிறார். ரெண்டு பேருக்கும் ஒரே விலை வைத்தால் முதலில் நம்பினவருக்கு என்ன மரியாதை?

ஆக 'இலவசம்' என்று சொன்னது பொய் இல்லை. யாருக்கு இலவசம் என்று சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே காசு கொடுத்தவருக்கு இலவசம். இனி வருகிறவர் பெரிய பொருளை வாங்குகிறார், பெரிய விலை கொடுக்கிறார்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்டியூ வேலி என்று ஒரு விவசாய கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது. 2016-ல் 14.99 டாலருக்கு வந்தது. 2024 மார்ச்சில் வந்த 1.6 வரைக்கும் எத்தனையோ சேர்த்தார், டாலர் விலையைத் தொடவே இல்லை. பையனின் நண்பன் இதைத்தான் சொன்னானாம்: "அவர் ஏத்தலையே, நாம ஏத்தினா நல்லா இருக்குமா?"

நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கேம் 2024 முடிவதற்குள் 4 கோடி பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த அளவு விற்றவர் விலையைத் தொடாமல் இருப்பது பெருந்தன்மை. நூறு பிரதிகூட விற்காதவன் அதையே செய்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன்.

திண்டுக்கல்லில் எங்கள் அப்பா தையல் கடை வைத்திருந்தார். அவரிடம் தைத்துக்கொண்டு போன பேண்டை ரெண்டு வருஷம் கழித்துக் கொண்டுவந்தாலும் இடுப்பைப் பிரித்து லூஸ் பண்ணிக் கொடுப்பார். ஜிப் போனால் மாற்றுவார், ஜிப்புக்கு மட்டும் காசு. 'நம்ம கையில தைச்சது, கூலி எதுக்கு' என்பார். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஊரில் இன்னும் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அதனால்தான்.

ஆனால் புதிதாக வந்தவரிடமும் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கூலியையே வாங்கினார். கை சுத்தமாகியிருந்தது, கட்டிங் மெருகேறியிருந்தது, காலர் வேலைக்கென்றே ஆள் தேடி வந்தார்கள். கூலி மட்டும் அப்படியே. 'ஏத்தினா என்ன நினைப்பாங்க?' அவ்வளவுதான் காரணம். நான் பி.காம் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது கடையை மூடினார். ரெடிமேட் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், அதுவும் ஒரு காரணம். மூடிய பிறகு அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடை வாடகை இருந்தது, நூல், பட்டன், கேன்வாஸ் இருந்தது, காஜா எடுக்கும் பையனின் வாரக் கூலி இருந்தது. அப்பாவின் கூலி எந்தப் பக்கத்திலும் இல்லை. தீபாவளிக்கு முந்தின பத்து ராத்திரி தூங்காமல் மிதித்த மிஷினுக்கு அந்த நோட்டில் ஒரு வரிகூட கிடையாது.

இப்போது கடன் கேட்டு வரும் சிறு தொழில்காரர்களின் கணக்கிலும் இதையேதான் பார்க்கிறேன். மாவு மில், மெஸ், டெய்லர், பிரிண்டிங் பிரஸ், எதுவானாலும் முதலாளி தன் உழைப்புக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை. அதைப் போட்டுப் பார்த்தால் லாபம் என்று காட்டியது பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அவர்களிடம் எடுத்துச் சொல்லும் நான், வீட்டில் என் பையனிடம் "இன்னொரு காப்பி விக்க என்ன செலவு?" என்று கேட்டிருக்கிறேன். செலவு பிரதியில் இல்லை. ஒரு வருஷ ராத்திரியில் இருக்கிறது. 'லைட்டை அணைச்சிட்டுப் படுடா' என்று நானே எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

ஒரு பிரதிக்கு 129 ரூபாய் என்றால் அது முழுசாகக் கைக்கு வருவதும் இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் போக, மீதியில் கடைக்கு 30 சதவீதம். அதற்குப் பிறகு இருப்பதை ரெண்டு பேர் பங்கு போட வேண்டும். எத்தனை மணி நேர உழைப்பு என்று வகுத்துப் பார்த்தேன், வேண்டாம், அந்தத் தொகையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று சொல்லவில்லை. பையனுக்கு நாலு நிபந்தனை போட்டேன்.

ஒன்று, பழையவரிடம் எந்த ரூபத்திலும் மறுபடி காசு கேட்கக் கூடாது. அவருக்குக் கொடுத்த சொல் சொல்தான்.

ரெண்டு, தேதி சொல்லி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் பழைய விலைக்கே வாங்கிக்கொள்ளட்டும். ஃபேக்டோரியோ 2023 ஜனவரியில் மறுபடி ஏற்றி 35 டாலர் ஆக்கியபோது ஒரு வாரம் முன்பே நாளைச் சொன்னார்கள். அந்த முறை காரணம் புதுச் சரக்கு இல்லை, விலைவாசி. அதற்குத்தான் அதிக முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அதுவும் தப்பாகத் தெரியவில்லை. வேலை செய்கிறவர்களின் வாடகையும் ஏறத்தானே செய்கிறது? ஆனால் செய்து காட்டிவிட்டு ஏற்றுவதில் இருக்கும் பலம் அதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் பையனிடம், செய்து முடித்ததற்குத்தான் விலை, 'இனிமே சேர்ப்போம்' என்பதற்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

மூன்று, ஏற்றிவிட்டு உடனே தள்ளுபடி போடும் ஆடி மாசத் தந்திரம் கூடாது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஸ்டீமே இதைத் தடுக்கிறதாம், விலையை ஏற்றினால் 30 நாளைக்குத் தள்ளுபடி வைக்க முடியாது. ரொம்ப நல்ல விதி.

நாலு, டாலரை அப்படியே ரூபாயாக்கக் கூடாது. 5 டாலர் என்றால் இன்றைய நிலவரத்தில் 400 ரூபாயைத் தாண்டும். அமெரிக்காவில் அது ஒரு காபி. நீலசந்திராவில் ஒரு காலேஜ் பையனுக்கு வாரத்து டிபன் செலவு. ஸ்டீமில் 2015-லிருந்தே ரூபாய் விலை தனியாக வைக்கலாம். அதனால் வெளிநாட்டுக்கு 5 டாலர், இங்கே 179 ரூபாய் என்று முடிவாகியிருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ் அம்மா, இட்லியும் பிரியாணியும் சமைத்துத் தன் மகனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கும் கதை. நம்ம வீட்டுக் கதை. 14.99 டாலர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 'இத்தனை சின்ன கேமுக்கு இத்தனை விலையா' என்று கேட்டவர்கள் உண்டு. குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போனால் எவ்வளவு ஆகிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நம் பிள்ளைகள் செய்யும் பொருளுக்கு நாமே 'இதுக்கா இவ்வளவு?' என்று கேட்டால், அடுத்த பிள்ளை செய்ய மாட்டான்.

நேற்று ராத்திரி அறிவிப்பு போட்டாகிவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து புது விலை. திட்டு இதுவரை ஒன்றுதான் வந்திருக்கிறது. 'நான் ஏத்தறதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன், தேங்க்ஸ்' என்று மூன்று பேர்.

நான் இதுவரை அந்தக் கேமை வாங்கினதில்லை, வீட்டு லேப்டாப்பில் சும்மாதான் ஆடிப் பார்த்தேன். ஒன்றாம் தேதி ஒரு பிரதி வாங்கப்போகிறேன் என்றேன். "இன்னிக்கே வாங்குப்பா, 129-தான்" என்றான் பையன்.

"வேண்டாம்டா. ஒன்பது தெருவும் பார்த்தாச்சு. 179 கொடுத்தே வாங்கிக்கிறேன்."

உங்கள் கருத்து வேறாக இருந்தால் அவசியம் எழுதுங்கள். சண்டை போடவும் தயார், ஆனால் மாதக் கடைசி, கிளையில் வேலை இருக்கிறது. பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.