மெக்பெத்துக்காக அழுதது போதும்

ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' பற்றித் தமிழில் நான் கேட்ட பேச்சுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முடிந்திருக்கின்றன: 'தப்பு செய்தவனை மனசாட்சி சும்மா விடாது.' பள்ளியில் பாடமாகப் படித்தவரும் இதைத்தான் சொல்கிறார். வருஷக்கணக்காக இலக்கியம் வாசிப்பவரும் இதைத்தான் சொல்கிறார். கேட்கும் நாமும் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். இது சோம்பேறி வாசிப்பு என்பதுகூட எனக்குப் பெரிய விஷயமில்லை. இது தப்பான வாசிப்பு. நாடகத்தில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மன்னர் டங்கனைக் கொன்றுவிட்டு வரும் மெக்பெத், கையில் ரத்தத்தோடு நடுங்குகிறான். பிரார்த்தனைக்கு 'ஆமென்' சொல்ல வாய் வரவில்லை என்கிறான். இனி உனக்குத் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கேட்டதாகப் புலம்புகிறான். கத்திகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கக்கூட அவனால் முடியவில்லை, மனைவிதான் போகிறாள். எல்லாரும் மேற்கோள் காட்டும் காட்சி இது. இதற்கு அடுத்த காட்சியில் என்ன நடக்கிறது? விடிந்ததும் மன்னரின் அறைக்குப் போய், மயக்க மருந்தில் கிடந்த இரண்டு காவலாளிகளை அவனே வெட்டிப்போடுகிறான். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சபையில் நடிக்கவும் செய்கிறான். இரவு முழுக்க வதைத்த குற்ற உணர்ச்சி, காலையில் இரண்டு அப்பாவிகளைக் காப்பாற்றவில்லை. அந்த இரண்டு பேரையும் நம்மில் எத்தனை பேர் கணக்கில் வைத்திருக்கிறோம்? அவர்களுக்குப் பெயரும் இல்லை.

அதற்குப் பிறகு பாங்கோ. விருந்தில் பாங்கோவின் ஆவி தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மெக்பெத் அலறுகிறான். சரி, மனசாட்சி வந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் அந்தக் காட்சி முடியும் இடத்தைப் படித்துப் பாருங்கள். ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கியாயிற்று, திரும்புவதும் தாண்டிப் போவதும் ஒரே சிரமம்தான் என்கிறான். இந்தப் பயமெல்லாம் புதுசாகச் செய்வதால் வருவது, பழகினால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறான். அதாவது குற்ற உணர்ச்சியை அவன் ஒரு தொடக்கக்காரனின் கைநடுக்கமாகத்தான் பார்க்கிறான். பயிற்சி எடுத்துக்கொள்கிறான். அந்தப் பயிற்சிதான் மெக்டஃபின் குடும்பம்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். மெக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் ஆள் வைத்துக் கொல்கிறான். அவர்களால் அவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. மெக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டான் என்ற கோபம், அவ்வளவுதான். அம்மாவிடம் குறும்பாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சின்னப் பையனை நம் கண் முன்னாலேயே மேடையில் குத்துகிறார்கள். அந்தப் பையனின் ஆவி எந்த விருந்துக்கும் வருவதில்லை. மன்னருக்காக நடுங்கியவன், சக தளபதியின் ஆவிக்கு அலறியவன், ஒரு குழந்தைக்காகத் தூக்கம் கெட்டதாக எங்கேயும் இல்லை. கடைசிச் சண்டையில் மெக்டஃபைப் பார்த்து, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் பாரமாக இருக்கிறது, விலகிப் போ என்கிறான். எதிரே வாள் வந்து நின்ற பிறகு பேசும் பேச்சு அது.

லேடி மெக்பெத்தைச் சொல்வீர்கள். நியாயம். தூக்கத்தில் நடந்தபடி கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுபவள், மெக்டஃபின் மனைவி இப்போது எங்கே என்று கேட்கிறாள். கொன்றவன் மறந்த பெண்ணை இவள் நினைத்துப் பார்க்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு கேள்விக்காகவே அவள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவளும் தூக்கத்தில்தான் பேசுகிறாள். விழித்திருக்கும்போது யாரிடமும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குற்ற உணர்ச்சி வேறு சொல், மனசாட்சி வேறு சொல். மனசாட்சி என்பதற்குள் சாட்சி இருக்கிறது. சாட்சியின் வேலை அழுவதல்ல, பார்த்ததைச் சொல்வது. இந்த அர்த்தத்தில் தேடினால் மெக்பெத்தின் கோட்டையில் மனசாட்சி என்று யாரைக் காட்டுவீர்கள்? தூக்கத்தில் நடக்கும் அரசியைக் கவனித்த தாதி, அவள் உளறியதை மருத்துவரிடம்கூடத் திருப்பிச் சொல்ல மறுக்கிறாள். தன் பேச்சுக்குச் சாட்சி இல்லையே என்கிறாள். மருத்துவர் எல்லாவற்றையும் காதால் கேட்கிறார். யோசிக்கிறேன், பேசத் துணியமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார். அப்புறம், இந்தக் கோட்டையை விட்டுத் தப்பினால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வரமாட்டேன் என்று தனக்குள் முணுமுணுக்கிறார். கெட்டவர்கள் இல்லை, பாவம். பயந்தவர்கள்.

பாங்கோவின் கதை இன்னும் மோசம். மெக்பெத் குறுக்கு வழியில்தான் அரியணை ஏறினான் என்று பாங்கோவுக்குச் சந்தேகம் உண்டு. தனியாக நின்று சொல்லியும் பார்க்கிறான். ஆனால் சூனியக்காரிகள் சொன்னது அவனுக்குப் பலித்தால், தன் வம்சமும் அரசாளும் என்று சொன்னதும் பலிக்கலாமே. அந்த நப்பாசையில் வாயை மூடிக்கொண்டு விருந்துக்கு வருகிறேன் என்கிறான். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோ கொலைச் சதியில் கூட்டாளி. நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ், பாங்கோவின் வம்சம் என்று நம்பப்பட்டவர். அதனால் பாங்கோவின் கையிலிருந்த ரத்தத்தை நாடகாசிரியர் துடைத்துவிட்டார். மௌனத்தை மட்டும் விட்டுவைத்தார். வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, எனக்கு அது போதும்.

மனசாட்சி எப்படி இருக்கும் என்று பார்க்க அதே காலத்தின் இன்னொரு நாடகத்துக்குப் போகவேண்டும். 'கிங் லியர்'இல் கிழவர் குளோஸ்டரை நாற்காலியில் கட்டி, கார்ன்வால் பிரபு ஒரு கண்ணைப் பிடுங்கிவிடுகிறான். அடுத்த கண்ணுக்குப் போகும்போது ஒரு வேலைக்காரன் குறுக்கே வருகிறான். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், இதை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய ஊழியம் செய்ததில்லை என்கிறான். எஜமான் மேலேயே வாளை உருவுகிறான். முதுகில் குத்துப்பட்டுச் சாகிறான். ஆனால் அவன் கொடுத்த காயத்தில் கார்ன்வாலும் சாகிறான். அவனுக்கும் பெயர் இல்லை. நீளமான தனிமொழி இல்லை. பேய் வரவில்லை, தூக்கம் கெடவில்லை. மேடையில் இருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்கு மெக்பெத்தின் அத்தனை தனிமொழிகளையும் ஈடாகத் தரமாட்டேன்.

மெக்பெத் பெரிய பாத்திரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் மொழி நம்மை மயக்கும், அதுதான் நாடகத்தின் பலம். நான் சண்டை போடுவது அந்த மயக்கத்தை அறம் என்று விற்பவர்களோடு. அழகாக வேதனைப்படுகிறவன் பாதி மன்னிக்கப்பட்டவன் என்று ஒரு ரசனை நமக்குள் ஊறிக் கிடக்கிறது.

இங்கே எழுதப்படும் கதைகளிலும் இதைப் பார்க்கிறேன். இருபது வருஷம் பெண்டாட்டியை அடித்தவன் கடைசிப் பத்தியில் அவள் சேலையைத் தொட்டுக் கண் கலங்குகிறான். தோட்டத்து மக்களை ஏய்த்த தண்டல் சாகும் நேரத்தில் தூக்கமில்லாமல் புரளுகிறான். கதை அங்கே முடிகிறது, நாமும் 'மனித மனத்தின் ஆழம்' என்று பாராட்டுகிறோம். அடி வாங்கியவளுக்கு அந்தக் கதையில் எத்தனை வரி? ஏய்க்கப்பட்டவர்களின் பணம் திரும்ப வந்ததா? கேட்டால் இலக்கியம் தெரியாதவன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இளம் எழுத்தாளர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். தப்பு செய்தவனின் தூங்காத இரவை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எழுதிவிட்டு, விடிந்ததும் அவன் என்ன செய்தான் என்பதையும் எழுதுங்கள். அவனைக் காவலாளிகளின் அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். உள்ளே போகிறானா, திரும்பி வருகிறானா என்று பார்த்துவிட்டு மனசாட்சி பற்றிப் பேசலாம்.