கண்ணளவும் தராசும்

என் தாயார் 2009-இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற பாத்திரம் பண்டங்களை நாங்கள் மூவரும் மனஸ்தாபம் இல்லாமல் பிரித்துக்கொண்டோம். ஒன்றை மட்டும் யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது அம்மாவின் ரசப்பொடி.

செய்முறை இல்லாமல் இல்லை. அம்மா சொல்லச் சொல்லத் தங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். மிளகு ஒரு கைப்பிடி, சீரகம் அரைக் கைப்பிடி, சிவக்க வறுக்கவும், பக்குவமாக இறக்கவும். யாருடைய கைப்பிடி? எவ்வளவு சிவப்பு? நாக்பூரில் தங்கையும் தில்லியில் நாங்களும் பல வருஷம் அரைத்துப் பார்த்தோம். பொடி நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது அம்மாவின் பொடி இல்லை. அம்மாவின் கைப்பிடி அம்மாவோடு போய்விட்டது.

அந்த நோட்டுப் புத்தகத்தில் என்ன குறை என்பது எனக்குப் புரிந்தது சமையலறையில் அல்ல. வீட்டில் சோப்பு செய்யப் போனபோது.

கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் மருமகள் ஏதோ கண்காட்சியிலிருந்து கையால் செய்த சோப்பு ஒன்று வாங்கி வந்தாள். விலை முந்நூறு ரூபாய்க்கு மேல். 'ரசாயனமே கலக்காதது' என்று உறையில் அச்சிட்டிருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள். "காஸ்டிக் சோடா இல்லாம சோப்பே வராது தாத்தா, எங்க பாடத்துலயே இருக்கு" என்றாள்.

குழந்தை சொன்னது சரி. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. அளவு சரியாக இருந்தால் முடிவில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. பெரிய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் கிளிசரினைத் தனியே பிரித்து எடுத்துவிடுகிறார்கள். வீட்டு சோப்பில் அது அப்படியே தங்கிவிடுகிறது. பெருமை சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இதைச் சொல்லலாம். ரசாயனமே இல்லை என்று சொல்வது பொய்.

செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன். டிசம்பர் மாதம். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாய் உறைந்திருந்தது. நம் ஊர்க் குளிரில் அது சகஜம்தானே. உருக்கி எடுத்து, தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, கைக்கு அகப்பட்ட கரண்டியால் கிளறினேன். அது அலுமினியக் கரண்டி. புஸ்ஸென்று நுரைத்தது, கரண்டி கறுத்துப் போயிற்று. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்று பிறகுதான் படித்தேன். "உங்க சோப்பு என் கரண்டியைத் தின்னுடுச்சு" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதற்கப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோல் வறளாமல் இருக்க நான் 150 கிராம்தான் போடுகிறேன். மாறாத எண்ணெய் சோப்பிலேயே தங்கிவிடும். தண்ணீர் 350 கிராம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல் எல்லாம் கட்டாயம். சிறு குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மேலே பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து நெடுநேரம் கழுவ வேண்டும். கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றி, இறுகியதும் வில்லை போட்டு, நாலு வாரமாவது காற்றாட வைக்க வேண்டும். எங்கள் காலனியின் உப்புத் தண்ணீரிலும் இந்த சோப்பு நுரைக்கிறது. தேங்காயெண்ணெய் சோப்புக்குக் கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் குணம் உண்டு.

சோப்பு விஷயத்தில் 'ஒரு கைப்பிடி' செல்லாது. காஸ்டிக் சோடா கூடினால் தோல் புண்ணாகும். ரொம்பக் குறைந்தால் சோப்பு பிசுபிசுக்கும். எடை போட்டே தீர வேண்டும். அதற்கென்று கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். ஒரு நாள் அதைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: இதே தராசு அம்மா இருந்தபோது நம் வீட்டில் இருந்திருந்தால்?

அம்மாவுக்குத்தான் தாமதமாகிவிட்டது. மனைவிக்கு ஆகவில்லையே! அடுத்த முறை அவள் சாம்பார்ப்பொடிக்கு வறுக்க உட்கார்ந்தபோது தராசோடு போய் நின்றேன். "இப்படி நடுவுல நின்னா வேலை எப்படி ஆகும்?" என்று சிடுசிடுத்தாள். அவள் கை போகிற போக்கை நிறுத்தாமல் அளக்க ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு டப்பாவையும் முதலில் எடை போட்டு வைத்தேன். அவள் வழக்கம்போல் அள்ளிக்கொண்டாள். முடிந்தபின் டப்பாக்களை மறுபடி எடை போட்டேன். குறைந்தது எவ்வளவோ, அதுதான் அளவு. மல்லி 410 கிராம், மிளகாய் 190, துவரம்பருப்பு 85, கடலைப்பருப்பு 60, மிளகு 30, மஞ்சள் 20, வெந்தயம் 18.

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஈடு அரைத்தபோது மறுபடியும் அளந்தேன். மல்லி 405. வெந்தயம் 19. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கணக்கு எழுதிய என் கைக்குக்கூட இந்த நிதானம் கிடையாது. கண்ணளவு என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறோம். அது அளவே இல்லாத காரியம் அல்ல. நாற்பது வருஷம் பழகிய தராசு. அந்தத் தராசில் எண் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். எழுத வேண்டியது பக்கத்தில் இருந்தவர்களின் கடமை. அதை நான் என் தாயாருக்குச் செய்யவில்லை.

1951-இல் எஸ். மீனாக்ஷி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதி வெளியிட்டார். கல்யாணமாகி வெளியூருக்குக் குடித்தனம் வந்த எத்தனையோ பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. அளவும் முறையும் எழுத்தில் இருந்ததால்தான் அம்மாவும் மாமியாரும் இல்லாத ஊரிலும் அடுப்பு எரிந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் கைமணமும் ஒரே புத்தகத்தில் அடங்குமா? நாம் இங்கே வந்து கற்றுக்கொண்டவை எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? மே, ஜூன் மாதத்து லூ காற்றில் வடாம் எத்தனை சீக்கிரம் காய்கிறது, சாயங்காலம் புழுதிப் புயல் கிளம்புமுன் வேட்டியோடு சுருட்டி உள்ளே கொண்டுவர எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தில்லி மாடிகளில் நின்ற பெண்களுக்குத்தான் தெரியும். நம் பூந்திக்கொட்டை காரி பாவ்லி கடையில் ரீட்டா, கோரைக்கிழங்கு நாகர்மோத்தா. சீயக்காய் அரைக்கப் போகிற பேரப்பிள்ளைக்கு இந்த இரண்டு பெயரும் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் என்ன கேட்பான்?

இதையெல்லாம் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி வெடுக்கென்று கேட்டார்: "கஷ்டப்பட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்திருக்கோம். கைப்பக்குவம், பாரம்பரியம்னு மறுபடியும் உள்ளே தள்ளப் பார்க்கறீங்களா?" நியாயமான கேள்வி. ரசப்பொடியை ருசித்துப் புகழ்ந்த நானும் என் அண்ணனும் ஒரு நாளாவது அம்மாவின் பக்கத்தில் நின்று மிளகு வறுத்திருக்கிறோமா? நாங்கள் நின்றிருந்தால் அந்தக் கைப்பிடி இன்னும் இரண்டு கைகளில் தங்கியிருக்கும். ஆகவே, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர் கடையில் பொடி வாங்கினால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சிக்கனம் என்றும் வாதாட மாட்டேன். என் சோப்பு கடை சோப்பை விடச் செலவு கூடத்தான் பிடிக்கிறது. வாங்குவது வேறு, செய்யவே தெரியாமல் போவது வேறு. கடையில் இல்லாத ஒரு ருசி உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை அறிந்தவர் ஒருவரோடு அது நின்றுவிடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கலுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்கே உரிய ஒரு பண்டத்தை எடை போட்டு எழுதுங்கள். பொடியோ, ஊறுகாயோ, சீயக்காயோ, கண்மையோ, எதுவானாலும் சரி. பெரியவர் கையால் அள்ளட்டும். அளந்து எழுதுவது வீட்டு ஆண்பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். கிராம் எழுதுங்கள், எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள், பொருளின் இந்திப் பெயரையும் எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து இந்த இதழிலேயே மாதம் இரண்டாக வெளியிடச் செயற்குழு மனம் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு சாம்பார்ப்பொடியின் அளவை மேலே கொடுத்துவிட்டேன்.

தங்கைக்கும் அதை அனுப்பினேன். ரசப்பொடி அளவு எப்போது வரும் என்று பதில் எழுதினாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.