யூரியாவும் ஊவாத் தோட்டங்களும்

கொழுந்து கிள்ளுந்தோறும் தேயிலைச் செடி மண்ணிலிருந்து பெற்ற நைதரசனில் ஒரு பகுதி தோட்டத்தை விட்டு நீங்குகிறது. 100 கிலோ தேயிலைத் தூளுடன் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ நைதரசன் வெளியேறும். அதனை ஈடுசெய்யாத மலையில் விளைவு குன்றும் என்பது பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டத்தார் யாவரும் அறிந்ததே.

இவ்வீட்டுக்குப் பெரிதும் பயன்படுவது யூரியா. அதன் நிறையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆயின் அது கப்பலில் வருவது. சப்புகஸ்கந்தையில் 1980ஆம் ஆண்டுகளில் இயங்கிய ஆலை, மூலப்பொருளான நாப்தாவின் விலையைத் தாங்காது நின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கிற்று. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. நாட்சம்பளத்துக்கு நிறை குறிக்கப்பட்ட தொழிலாளிக்குக் கொழுந்து குறைதல், வரும்படி குறைதலேயாம்.

இக்காலத்தில் யூரியா பெரும்பாலும் இயற்கை வாயுவை மூலமாகக் கொண்டு, மிகுந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் ஆக்கப்படுகிறது. வேறொரு வழியும் உண்டு. நைத்திரேற்றுக் கலந்த நீரில் காபனீரொட்சைட்டைச் செலுத்தி, செம்பு, நாகம் போன்ற ஊக்கிகள் கொண்ட மின்வாயில் மின்னோட்டம் பாய்ச்சினால், சாதாரண வெப்பநிலையிலேயே யூரியா உண்டாகும். யப்பானிய ஆய்வாளர் இதனை 1990ஆம் ஆண்டுகளிலேயே காட்டினர். ஒரு யூரியா மூலக்கூற்றுக்கு 16 இலத்திரன்கள் வேண்டும். ஆயின் காபனும் நைதரசனும் இணையுமுன்பே நைத்திரேற்று அமோனியாவாகவும், நீர் ஐதரசனாகவும் மாறி மின்சாரத்தை வீணாக்குகின்றன. அவ்விணைப்பை முந்தச் செய்யும் ஊக்கியையே ஆய்வுகூடங்கள் தேடுகின்றன.

உமா ஓயாவில் 120 மெகாவாற்று மின்னிலையம் 2024இல் திறக்கப்பட்டமையால், ஊவாவிலேயே யூரியா செய்யலாமே எனத் தோன்றலாம். மின்சாரம் மட்டும் போதாது. நைத்திரேற்று எங்கிருந்து வரும் என்பதே முதற் கேள்வி. கடையில் விற்கும் நைத்திரேற்று அமோனியாவிலிருந்து செய்யப்படுவது. அதனை வாங்கி யூரியா செய்வது, கப்பலை வேறொரு துறைக்கு வரவழைப்பது போன்றதே. கழிவுநீரில் செறிந்துள்ள நைத்திரேற்றை மீட்பதாயின் மட்டுமே இம்முறையால் உண்மையான நன்மை உண்டு. சரிவில் கழுவுண்டு ஓடையிற் கலந்ததைத் திரட்டுவதோ அரிது. வீணாகும் பசளை குடிநீரையும் கெடுக்கும் என்பதற்கு யாழ்ப்பாணக் கிணறுகளே சான்று.

ஆதலின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்கள் இவ்வாய்விற் பங்குகொள்ளல் தகும். தோட்டங்கள் அதற்காகக் காத்திருத்தல் தகாது. பசளையை ஒரே முறையில் இடாது பிரித்து, மண் ஈரமாயுள்ளபோது இடல் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்றிலும், வடகீழ்ப் பருவப் பெருமழைக்கு முன்னும் இடுதல் வீண். கவ்வாத்து இலைகள் மலையிலேயே கிடக்கட்டும். மிலாறு விறகுக்கு எடுப்போரும் இலையை உதிர்த்துவிட்டே எடுத்தல் நலம்.

புதிய ஊக்கி வரும் நாளில் வரட்டும். மண்ணில் இட்டதை மண்ணிலேயே நிறுத்துவது இன்றே இயலும் காரியம். அதற்குக் கப்பலும் வேண்டியதில்லை.